கிட்வே நகருக்குப் பம்ப் அனுப்புவது எப்படி? கடலற்ற நாட்டோடு வணிகம் தொடங்குவோருக்கு

கோவையில் பம்ப் செய்யும் ஒருவருக்கு ஜாம்பியாவின் கிட்வே நகரிலிருந்து விலை கேட்டு மின்னஞ்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நடக்கக்கூடியதுதான். அந்த வட்டாரத்தில் சிலிலபோம்ப்வே என்ற ஊரில் இருக்கும் கொங்கோலா செம்புச் சுரங்கம், உலகிலேயே மிக அதிகமாக நீர் ஊறும் நிலத்தடிச் சுரங்கங்களில் ஒன்று. அங்கே பம்ப் நின்றால் செம்பும் நின்றுவிடும். மின்னஞ்சலின் கடைசி வரியில், "சி.ஐ.எஃப். கிட்வே விலை சொல்லவும்" என்று இருக்கிறது.

சரக்கு அனுப்பும் முகவர் அலுவலகத்தில் ஆவண மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: புதியவர் வழுக்கி விழுவது இந்தக் கடைசி வரியில்தான். கிட்வேயிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். ஜாம்பியாவுக்கு எட்டு அண்டை நாடுகள் உண்டு; ஒரு துறைமுகம்கூடக் கிடையாது. இப்படிப்பட்ட வளரும் நாடுகள் 32 என்று ஐ.நா. பட்டியலிடுகிறது. அவற்றில் ஜாம்பியாவை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓர் ஆர்டர் கையில் வந்தது முதல் கோப்பை மூடும் வரை என்னென்ன செய்யவேண்டும் என்று பார்ப்போம்.

விலைக் குறிப்பில் ஒரு சொல்லைத் திருத்துங்கள்

சி.ஐ.எஃப். என்பது சரக்கின் விலை, காப்பீடு, கப்பல் வாடகை மூன்றும் சேர்ந்த, கடல்வழிக்கான விலை முறை. அதற்குப் பின்னால் வரவேண்டியது ஒரு துறைமுகத்தின் பெயர். "சி.ஐ.எஃப். கிட்வே" என்று எழுதிக் கையெழுத்திட்டால், துறைமுகத்துக்கும் கிட்வேக்கும் இடையே உள்ள லாரி வாடகை, எல்லைச் செலவு, காத்திருப்புக் கட்டணம் எல்லாம் யார் தலையில் என்பது தெளிவாக இராது, தகராறு வரும்போது இருவரும் அதே தாளைக் காட்டிச் சண்டை போடுவார்கள்.

புதியவருக்கு என் யோசனை: முதல் இரண்டு மூன்று சரக்குகளுக்கு தான்சானியாவின் துறைமுகத்தைக் குறித்து "சி.ஐ.எஃப். தார் எஸ் சலாம்" என்றே விலை கொடுங்கள். துறைமுகத்துக்குப் பிறகு உள்ள பாடு வாங்குபவருடையது. அவர் விடாப்பிடியாகக் கிட்வே வரை கேட்டால் சி.பி.டி. அல்லது டி.ஏ.பி. என்ற முறையில் எழுதுங்கள். சி.பி.டி. என்றால் கிட்வே வரை வாடகை உங்களுடையது, வழியிலுள்ள இடர் வாங்குபவருடையது. டி.ஏ.பி. என்றால் கிட்வே வாசலில் லாரி நிற்கும்வரை எல்லா இடரும் உங்களுடையது என்று பொருள். வழியை நன்றாகப் பழகாமல் அதை ஒப்புக்கொள்ளவேண்டாம்.

பம்பை மறந்துவிட்டுச் செம்பைப் படியுங்கள்

இதை யாரும் புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனால் உங்கள் லாப நட்டம் பெரிதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. ஜாம்பியாவின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பிலிருந்து வருகிறது. 2024இல் அந்நாடு 8 லட்சம் டன்னுக்கு மேல் செம்பு எடுத்தது. 2031ஆம் ஆண்டை ஒட்டி 30 லட்சம் டன் எடுப்போம் என்பது அரசின் இலக்கு. ஒரு லாரிக்கு 30 டன் என்று கணக்குப் போட்டால் அது ஆண்டுக்கு ஒரு லட்சம் லாரி. பக்கத்துக் காங்கோ ஜனநாயகக் குடியரசோ ஜாம்பியாவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் செம்பு எடுக்கிறது. அதிலும் பெரும்பகுதி ஜாம்பியச் சாலைகளில்தான் இறங்கி வருகிறது.

இந்த லாரிகள் துறைமுகத்துக்குச் செம்பு ஏற்றிப் போகின்றன. திரும்பும்போது வெறுமனே வரமுடியாது. கந்தகம், உரம், இயந்திரம், உங்கள் பம்ப் என எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு மேலேறுகின்றன. ஆக, நீங்கள் கொடுப்பது ஒரு செம்பு லாரியின் திரும்பு பயண வாடகை. செம்பு நன்றாக ஓடும் காலத்தில் துறைமுகத்தில் லாரிகள் சுமை தேடி நிற்கும், பேரம் பேசலாம். சுரங்கம் மந்தமானால் லாரிகள் இறங்கி வருவது குறையும். அப்போது உங்களுக்காகவே மேலிருந்து காலியாக ஒரு லாரி வரவேண்டும், இரண்டு வழிக்கும் வாடகை உங்களுடையது. எனவே லாரிக்காரரிடம் "என்ன வாடகை?" என்று கேட்பதற்கு முன் "இறங்கி வரும்போது என்ன ஏற்றி வருகிறாய்?" என்று கேளுங்கள். மழைக்கால விதைப்புக்கு முந்தைய மாதங்களில் உரம் குவிந்து லாரி கிடைக்காமல் போவதும் உண்டு. நவம்பரில் மழை தொடங்கிவிடும்.

செம்பிலும் இரண்டு வகைச் சுமை உண்டு. உருக்கிச் சுத்திகரித்த கேத்தோடு தகடு ஏறக்குறைய முழுக்கச் செம்பு. அரைத்துச் செறிவூட்டிய தாதுவிலோ நூற்றுக்கு 25 முதல் 30 பங்குதான் செம்பு; மீதியெல்லாம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வாடகை கொடுத்துச் சுமக்கும் கல்லும் கந்தகமும் இரும்பும். கடற்கரைச் சுரங்கத்துக்கு இது பெரிய விஷயமில்லை. உள்நாட்டுக்காரனுக்கு இது பொறுக்காது; அதனால்தான் செம்பு வட்டாரத்திலேயே உருக்காலைகள் நிற்கின்றன. அதே நாட்டில் எடுக்கும் மரகதத்துக்கோ இந்தக் கவலையே இல்லை. ஒரு கைப்பைக்குள் அடங்கி விமானத்தில் ஏறிவிடும்; ஜெய்ப்பூர் பட்டறைகளில் பட்டை தீட்டப்படும் மரகதத்தில் ஜாம்பியாவினுடையது நிறைய உண்டு. கடல் இல்லாத குறை எடை மிகுந்த பொருளைத்தான் வாட்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தெரியவில்லை.

எந்தத் துறைமுகம்?

வரைபடத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். கிட்வேயிலிருந்து தார் எஸ் சலாம் சாலைவழி சுமார் 1,900 கிலோமீட்டர். இடையில் ஒரே எல்லை, துண்டுமா–நாக்கோண்டே. மொசாம்பிக்கின் பெய்ரா அதைவிடக் கிட்டம், சுமார் 1,400. ஆனால் ஜிம்பாப்வே வழியாக வந்தால் இரண்டு எல்லைகள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் 2,500 கிலோமீட்டருக்கு மேல். வசதி மிகுந்தது, நெரிசலும் மிகுந்தது. நமீபியாவின் வால்விஸ் பே, அங்கோலாவின் லொபிட்டோ இரண்டும் அட்லாண்டிக் பக்கம். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்புபவர்களுக்கு அவை பொருந்தும், நமக்கு ஆப்பிரிக்காவையே சுற்றவேண்டும்.

சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஏற்றும் பெட்டிக்குத் தார் எஸ் சலாம்தான் இயல்பான வாசல். கொழும்பில் கப்பல் மாறிப் போகவும் கூடும். அங்கே துறைமுக முனையங்களை இயக்கும் பொறுப்பு அண்மையில் கைமாறியிருக்கிறது. 2023இல் துபாயின் டி.பி. வேர்ல்டும் 2024இல் அதானி குழுமமும் 30 ஆண்டு ஒப்பந்தங்களில் நுழைந்தன. எந்த முனையத்தில் உங்கள் கப்பல் நிற்கும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பெட்டி வெளியேற ஆகும் நாட்கள் அதைப் பொறுத்து மாறும்.

தூரத்தையும் வாடகையையும் மட்டும் பார்த்து ஒரே வழியைப் பிடித்துக்கொள்வது ஆபத்து. ஜாம்பியர்களைக் கேட்டால் தெரியும். 1964இல் விடுதலை பெற்றபோது அவர்களுடைய செம்பு ஏறக்குறைய முழுவதும் தெற்கே ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) வழியாகத்தான் கடலுக்குப் போனது. அடுத்த ஆண்டே, 1965 நவம்பர் 11இல், அங்கிருந்த வெள்ளைச் சிறுபான்மை அரசு தன்னிச்சையாக விடுதலை அறிவித்தது, உறவு முறிந்தது. பெட்ரோலை மண் சாலையில் பீப்பாய்களில் கொண்டுவரும் நிலை வந்தது. 1968இல் தார் எஸ் சலாமிலிருந்து ஜாம்பியாவின் எண்டோலா வரை 1,710 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் போட்டார்கள். அது இன்றும் இருக்கிறது, 2023 முதல் டீசல் கொண்டுவருகிறது. 1973 ஜனவரியில் ரொடீசியா எல்லையை மூடியது. செம்புக்கு மட்டும் விலக்கு என்றது. அந்தச் சலுகை வேண்டாம் என்று அன்றைய ஜாம்பிய அதிபர் கென்னத் கவுண்டா மறுத்தார். ரொடீசியா பிறகு திறந்தபோதும் இவர் திறக்கவில்லை. 1975இல் அங்கோலாவில் உள்நாட்டுப் போர் வெடித்து, லொபிட்டோவுக்குப் போகும் பெங்குவேலா ரயில் பாதையும் அடைபட்டது. கடைசியில் 1978 அக்டோபரில், உரம் வந்துசேராமல் விவசாயம் கெடும் நிலையில், கவுண்டாவே தெற்குப் பாதையைத் திறக்கவேண்டியதாயிற்று.

பழைய கதை என்று ஒதுக்கவேண்டாம். 2019 மார்ச்சில் இடாய் புயல் பெய்ராவைச் சிதைத்தது. 2021 ஜூலையில் டர்பன் பகுதியில் கலவரம். அதே மாதம் துறைமுகக் கணினிகள் மீது இணையத் தாக்குதல். 2022 ஏப்ரலில் அங்கேயே வெள்ளம். 2024 கடைசியில் தேர்தல் கொந்தளிப்பால் மொசாம்பிக் எல்லை தடைபட்டது. ஆகவே விலைக் குறிப்பில் ஒரு வழியை எழுதுங்கள். கோப்புக்குள் இரண்டாவது வழிக்கான வாடகையையும் எழுதி வையுங்கள்.

ரயிலா, லாரியா?

ரயில் மலிவு என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். தார் எஸ் சலாமிலிருந்து ஜாம்பியாவின் காப்பிரி எம்போஷி வரை 1,860 கிலோமீட்டருக்குச் சீனா கட்டிக்கொடுத்த தசாரா பாதை இருக்கிறது. 1970இல் தொடங்கி 1975இல் தண்டவாளம் முடித்தார்கள். ஆண்டுக்கு 20 லட்சம் டன் சுமக்கக் கட்டிய அந்தப் பாதை அந்த அளவை ஒருபோதும் எட்டவில்லை. எஞ்சினும் பெட்டியும் பழுதானால் மாற்றக் காசில்லை. வண்டி தாமதமானதும் வாடிக்கையாளர் சாலைக்குப் போனார்கள். வாடிக்கையாளர் போனதும் காசு இன்னும் குறைந்தது. மறுசீரமைப்புக்காக 2024 செப்டம்பரில் பெய்ஜிங்கில் மூன்று நாடுகளும் கையெழுத்திட்டன. மேற்கே லொபிட்டோ பாதையை 2022இல் டிராஃபிகுரா, மோட்டா எங்கில், வெக்துரிஸ் ஆகிய நிறுவனங்களின் கூட்டமைப்பு 30 ஆண்டுக்கு எடுத்திருக்கிறது. அது இப்போது காங்கோச் சுரங்கங்களைத்தான் நேரடியாகத் தொடுகிறது. ஜாம்பியாவை இணைக்க ஏறத்தாழ 800 கிலோமீட்டர் புதுப் பாதை போடவேண்டும்.

எனவே, சில டன் பம்ப் அனுப்பும் புதியவர் லாரியிலேயே அனுப்புங்கள்.

பெட்டி யாருடையது?

கன்டெய்னர் கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தம். அது தார் எஸ் சலாமில் இறங்கி, கிட்வேக்குப் போய், காலியாகித் திரும்பித் துறைமுகத்தில் ஒப்படைக்கப்படும்வரை மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட நாட்கள் இலவசம். தாண்டினால் நாளொன்றுக்கு இத்தனை டாலர். முன்பணமும் கட்டச் சொல்வார்கள். கடலோர நாட்டு வாடிக்கையாளருக்குப் போதுமான இலவச நாட்கள் கடலற்ற நாட்டுக்காரருக்குப் போதவே போதாது. இடம் பதிவு செய்யும்போதே ஜாம்பியப் போக்குவரத்துச் சரக்கு என்று சொல்லிக் கூடுதல் நாட்களை எழுத்தில் வாங்குங்கள். கப்பல் கிளம்பிய பிறகு கேட்டால் கிடைக்காது.

வேறு இரண்டு வழிகள் உண்டு. துறைமுகத்திலேயே பெட்டியைத் திறந்து சரக்கை லாரிக்கு மாற்றிவிட்டுப் பெட்டியை அங்கேயே ஒப்படைப்பது ஒன்று. பம்ப் போன்ற மரப்பெட்டிச் சரக்குக்கு இது பெரும்பாலும் நன்றாகவே அமையும். கையாளும்போது அடிபடாதபடி சிப்பத்தைக் கெட்டியாகக் கட்டவேண்டும், அவ்வளவுதான். சில்லறைப் பொருளென்றால் செய்யாதீர்கள், எண்ணிக்கை குறையும். இன்னொன்று, பழைய பெட்டியை விலைக்கு வாங்கி அதிலேயே அனுப்பிவிடுவது. திரும்ப ஒப்படைக்கும் தொல்லை இல்லை. ஜாம்பியாவில் காலிப் பெட்டிக்குக் கடையாகவும் கிடங்காகவும் மறுவாழ்வு உண்டு.

காகிதம்

இங்கே நான் பட்ட ஓர் அடியைச் சொல்லவேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சரக்குக்குப் பில் ஆஃப் லேடிங் (கப்பலில் ஏற்றிய சரக்குக்கான ரசீது) தயாரித்தேன். இறக்கும் துறைமுகம் தார் எஸ் சலாம் என்று சரியாக இருந்தது. "ஜாம்பியாவுக்குக் கடந்துசெல்லும் சரக்கு" என்ற ஒரே வரியை விட்டுவிட்டேன். துறைமுகக் கணக்கில் அது தான்சானியாவின் உள்நாட்டு இறக்குமதியாக ஏறிவிட்டது. திருத்தி வாங்குவதற்குள் பல நாள் தாமதக் கட்டணம். பம்பின் லாபம் முழுவதும் அதில் போயிற்று. அன்றிலிருந்து அந்த வரியைத்தான் முதலில் தட்டச்சு செய்கிறேன்.

அதோடு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், மூலச் சான்றிதழ் மூன்றிலும் எடையும் எண்ணிக்கையும் ஓர் எழுத்துப் பிசகாமல் பொருந்தவேண்டும். வாங்குபவரின் ஜாம்பிய வரிப் பதிவு எண்ணை முன்பே கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் அங்கே சுங்கத்தில் பதிவு செய்யமுடியாது. மருந்து போன்றவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். பம்புக்கு அந்தத் தொல்லை இல்லை.

தான்சானியாவைக் கடக்கும் சரக்குக்கு அந்நாட்டில் வரி கிடையாது. ஆனால் வழியிலேயே விற்றுவிடமாட்டீர்கள் என்பதற்கு ஒரு பிணைப் பத்திரம் வேண்டும். அதைப் பெரும்பாலும் அங்குள்ள கிளியரிங் ஏஜென்ட் ஏற்பாடு செய்வார். லாரியில் மின்னணுப் பூட்டு மாட்டி வழியெல்லாம் கண்காணிப்பார்கள். ஓட்டுநரிடம் இருக்கவேண்டிய மூன்றாம் நபர் காப்பீட்டுக்குக் கொமேசா (கிழக்கு, தென் ஆப்பிரிக்க நாடுகளின் வணிகக் கூட்டமைப்பு) மஞ்சள் அட்டை என்று பெயர்.

வாங்குபவரிடம் ஒரு கணக்கைச் சொல்லி வையுங்கள். ஜாம்பியச் சுங்கம் சரக்கு விலையோடு போக்குவரத்தையும் காப்பீட்டையும் சேர்த்த மதிப்பின்மீதுதான் தீர்வை போடுகிறது. அதற்குமேல் 16 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி. கடல் இல்லாததால் கூடிய வாடகைக்கும் வரி கட்டுகிறார்கள் என்று பொருள்.

எடைமேடை

அந்த வட்டாரத்தில் லாரியின் மொத்த எடைக்கு வரம்பு 56 டன்; அச்சுகளுக்கும் தனித்தனி வரம்பு. வண்டியும் டிரெய்லருமே கிட்டத்தட்ட 20 டன் இருக்கும். நம்மூரில் பெட்டி நிறைய அடைத்து அனுப்பும் பழக்கத்தில், கனமான இரண்டு இருபதடிப் பெட்டிகளை ஒரே வண்டியில் ஏற்றலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வழிநெடுக எடைமேடைகள் இருக்கின்றன. கனத்தை ஒரு முனையில் குவித்தால் மொத்த எடை சரியாக இருந்தும் அச்சு எடையில் பிடிபடுவீர்கள்.

எல்லையில் நாட்களை எண்ணுங்கள்

புதியவர் கிலோமீட்டரை எண்ணுவார். பழகியவர் நிற்கும் நாட்களை எண்ணுவார். லாரி ஓடும் நாட்களை வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். துண்டுமாவில் எத்தனை நாள் வரிசையில் நிற்கும் என்பதை அந்த வாரம் அங்கிருந்து வந்த ஓட்டுநரால் மட்டுமே சொல்லமுடியும். ஒரு நல்ல ஏஜென்டின் அடையாளம், இந்தக் கேள்விக்கு அவர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் உடனே ஓட்டுநருக்குப் போன் செய்வது.

நிலைமை முன்னைவிடத் தேறியிருக்கிறது. 2009இல் ஜிம்பாப்வே எல்லையிலுள்ள சிருண்டுவில் ஆப்பிரிக்காவின் முதல் ஒற்றை நிறுத்த எல்லைச் சாவடி வந்தது. இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கூரையின் கீழ் சோதிப்பதால் ஒரு முறை நின்றால் போதும். 2021 மே மாதம் போட்ஸ்வானா எல்லையிலுள்ள கசுங்குலாவில் சாம்பேசி ஆற்றின்மேல் 923 மீட்டர் பாலம் திறந்தார்கள். அதுவரை லாரிகள் மிதவைப் படகுக்காகக் காத்துக்கிடந்தன. அந்தப் பாலம் நேராக இல்லாமல் வளைந்திருக்கும். ஜிம்பாப்வேயின் எல்லையைத் தொடாமல் போகவேண்டி வளைத்துக் கட்டியது. கடலற்ற நாட்டின் பாடு முழுவதும் அந்த வளைவில் தெரிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, 125ஆம் பிரிவில், கடலற்ற நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமையும் கடந்துசெல்லும் சுதந்திரமும் உண்டு என்கிறது. அடுத்த வரியிலேயே, அதற்கான நிபந்தனைகளை அண்டை நாட்டோடு பேசி முடிவுசெய்துகொள்ளவேண்டும் என்றும் சொல்கிறது. உரிமை கையில், சாவி பக்கத்து வீட்டில். 2024 ஆகஸ்டில் பீரையும் குளிர்பானத்தையும் காங்கோ இறக்குமதி செய்யத் தடை விதித்ததில் தகராறு எழுந்து, ஜாம்பியா கசும்பலேசா உள்ளிட்ட எல்லைகளைச் சில நாட்கள் மூடியது. பீருக்காகச் செம்பு நின்றது. இந்த முறை மூடியது கடலற்ற நாடே என்பதையும் கவனியுங்கள். காங்கோவின் சுரங்கங்களுக்கு ஜாம்பியாதான் பக்கத்து வீடு.

பணம்

செம்பு விலை இறங்கினால் ஜாம்பியாவுக்குள் டாலர் வருவது குறையும். அந்நாட்டு நாணயமான குவாச்சாவின் மதிப்பு சரியும். 2015இல் அப்படித்தான் சரிந்தது. 2020 நவம்பரில் அரசே வெளிநாட்டுக் கடன் பத்திரத்துக்கு வட்டி கட்டமுடியாமல் தவறியது. 2024இல் வறட்சி வந்து கரிபா அணை வற்றி, மின்சாரம் இல்லாமல் தொழில்கள் தவித்தன. உங்கள் வாடிக்கையாளர் நாணயமானவராகவே இருப்பார்; குவாச்சா கையில் வைத்துக்கொண்டு வங்கியில் டாலருக்கு வரிசையில் நிற்பார். அதனால் லண்டன் உலோகச் சந்தையின் செம்பு விலையை வாரம் ஒரு முறை பார்க்கும் பழக்கம் வையுங்கள். முதல் ஆர்டருக்குப் பாதி முன்பணம், அல்லது வேறு நாட்டு வங்கி உறுதிசெய்த எல்.சி. (பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்); கடன் கொடுத்தால் இந்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் காப்பீடு. 'கப்பலில் ஏற்றி அறுபது நாளில் பணம்' என்று எழுதாதீர்கள். அறுபதாவது நாளில் உங்கள் பம்ப் இன்னும் சாலையிலேயே இருக்கக்கூடும்.

கோப்பை மூடும் முன்

பம்ப் கிட்வேயில் இறங்கியதும் வாங்குபவர் நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்புவார். புதியவர் அங்கேயே கோப்பைக் கட்டிவைத்துவிடுவார். இன்னும் இரண்டு தாள் வரவேண்டும். சரக்கு தான்சானியாவை விட்டு வெளியேறியதை நாக்கோண்டேயில் பதிவுசெய்து பிணைப் பத்திரம் விடுவிக்கப்பட்டதற்கான சான்று ஒன்று. அது வராவிட்டால் தான்சானியச் சுங்கம் முழு வரியையும் ஏஜென்டிடம் கேட்கும், ஏஜென்ட் உங்களிடம் கேட்பார். இரண்டாவது, காலிப் பெட்டி தார் எஸ் சலாம் முற்றத்தில் நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டதற்கான ரசீது. அதில் இருக்கும் தேதியை இலவச நாட்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பெட்டிக்காகக் கட்டிய முன்பணத்தைத் திரும்பக் கேட்டு அன்றே கடிதம் எழுதுங்கள்.